உயிரிப்படலமும் பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்பும்

பயோஃபிலிம் எனப்படும் உயிரிப்படலம், தாமே சுரந்த பசைப்பொருளுக்குள் கூட்டமாக வாழும் பாக்டீரியாக்களின் தொகுதி. இது பெரும்பாலும் ஏதேனும் ஒரு பரப்பின்மேல் படிந்து வளரும். நோயாளியின் சளியிலும் ஆறாப் புண்ணிலும் எந்தப் பரப்பையும் பற்றாத சிறு திரள்களாகவும் காணப்படும். பல்லில் படியும் மாவு, ஆற்றுப் பாறையின் வழுக்கல், தண்ணீர்க் குழாயின் உட்புறக் கொழகொழப்பு, நோயாளிக்குச் செருகிய சிறுநீர்க் குழாயின்மேல் ஏறும் படிவு ஆகிய அனைத்தும் உயிரிப்படலங்களே. புவியிலுள்ள பாக்டீரியா, ஆர்க்கியா செல்களில் 40 முதல் 80 சதவீதம் வரை இவ்வாறு வாழ்வதாக ஹான்ஸ்-குர்ட் ஃபிளெமிங், ஸ்டெஃபான் வுவெர்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2019இல் மதிப்பிட்டனர்.

மருத்துவத்தில் உயிரிப்படலம் முக்கியத்துவம் பெறுவதற்குக் காரணம், அதிலுள்ள பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு எளிதில் மடிவதில்லை என்பதே. நீர்மத்தில் தனித்தனியே மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான அளவைப்போல் பத்து மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரையிலான மருந்தையும் அதே பாக்டீரியா படலத்துக்குள் இருக்கும்போது தாங்கிக்கொள்கிறது. இதற்கு மரபணு மாற்றம் எதுவும் தேவையில்லை. படலத்திலிருந்து பிரிந்து மீண்டும் மிதக்கத் தொடங்கிய செல், சில தலைமுறைகளுக்குள் பழையபடி மருந்துக்குப் பணிகிறது. எனவே நுண்ணுயிரியலாளர்கள் இதைத் தாங்குதிறன் என்றும், மரபணு மாற்றத்தால் வந்து சந்ததிக்குக் கடத்தப்படுவதை எதிர்ப்புத்திறன் என்றும் பிரித்துக் கூறுகின்றனர். இரண்டும் வேறானவை, ஆனால் முதலாவது இரண்டாவதற்கு இடம் அமைத்துக் கொடுக்கிறது.

அமைப்பும் வளர்ச்சியும்

மிதந்துவரும் பாக்டீரியா ஒரு பரப்பைத் தொடும்போது முதலில் தளர்வாகவே ஒட்டுகிறது; இந்நிலையில் அது விலகிச் செல்லவும் கூடும். பின்னர் புரத இழைகளாலும் ஒட்டுப்பொருள்களாலும் தன்னை உறுதியாகப் பிணைத்துக்கொண்டு பெருகுகிறது. நுண்குடியிருப்புகள் உருவாகி, அவை பசைப்பொருளால் சூழப்பட்டுத் தடிக்கின்றன. முதிர்ந்த படலத்திலிருந்து தனிச் செல்களும் சிறு துணுக்குகளும் விடுபட்டு வேறிடங்களில் குடியேறுகின்றன.

பசைப்பொருளின் பெரும்பகுதி நீர். எஞ்சுவன பாலிசாக்கரைடு என்னும் பல்சர்க்கரைகள், புரதங்கள், கொழுப்புகள், செல்களுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ. ஆகியவை. பெரும்பாலான படலங்களின் உலர்ந்த எடையில் பாக்டீரியாக்களின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றதெல்லாம் அவை சுரந்த பொருளே. மேற்புறத்தில் ஆக்சிஜனும் சத்துகளும் கிடைப்பதால் செல்கள் வேகமாக வளர்கின்றன. அடிப்புறத்தில் இரண்டும் அருகி வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒரே தாய்ச் செல்லின் வழிவந்தவையாயினும் படலத்தின் வெவ்வேறு ஆழங்களில் உள்ள செல்கள் வெவ்வேறு உடலியல் நிலையில் இருக்கின்றன.

தொடக்ககால அவதானிப்புகள்

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான ஆன்டனி வான் லீவன்ஹூக், தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்மாவில் உயிருடன் அசையும் நுண்ணுயிர்களைக் கண்டதாக 1683 செப்டம்பரில் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த மாவை வினிகரில் கலந்தபோது நுண்ணுயிர்கள் மடிந்தன. ஆனால் வினிகரால் வாய் கொப்பளித்தபோது மாவின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன, உள்ளே இருந்தவை பிழைத்தன. கூட்டமாக ஒட்டி வாழும் பாக்டீரியாவைக் கொல்லி முழுமையாக அழிப்பதில்லை என்பதற்கான மிகப் பழைய பதிவு இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர், வினிகராகப் புளிக்கும் திராட்சை மதுவின்மேல் படரும் ஏட்டை ஆராய்ந்து, அது நுண்ணுயிர்களால் ஆனது என்று காட்டினார். அத்தகைய பாக்டீரியா ஒன்றின் ஏடு செல்லுலோஸ் இழைகளால் பின்னப்பட்டது என்பதை 1886இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஏட்ரியன் பிரவுன் கண்டறிந்தார். நூறாண்டுகள் கழித்து உயிரிப்படல ஆய்வின் முக்கியத் திருப்பம் ஒன்று இதே பாக்டீரியாவிலிருந்து வந்தது.

இதற்கிடையே நுண்ணுயிரியல் வேறு பாதையில் சென்றது. ராபர்ட் கோக் 1881இல் திட ஊடகத்தில் பாக்டீரியாவைத் தனிமைப்படுத்தி வளர்க்கும் முறையை விளக்கினார். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று நிறுவ இம்முறை இன்றியமையாததாயிற்று. காசநோய், காலரா ஆகியவற்றின் கிருமிகள் அடுத்தடுத்து இனங்காணப்பட்டன. அதன் வெற்றியால், சத்து நிறைந்த நீர்மத்தில் தனித்து மிதந்து வேகமாகப் பெருகும் செல்லே பாக்டீரியாவின் இயல்பான வடிவம் என்ற எண்ணம் வேரூன்றியது. பின்னாளில் ஆன்டிபயாடிக் மருந்துகளின் வீரியத்தை அளக்கும் முறைகளும் இந்த எண்ணத்தின்மீதே கட்டப்பட்டன. பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு எது என்பது மிதக்கும் செல்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

நீர்நிலைகளை ஆராய்ந்தவர்களுக்கு இந்தச் சித்திரம் பொருந்தவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹென்ரிச்சி ஏரிகளில் கண்ணாடித் தகடுகளை அமிழ்த்தி வைத்து, நன்னீர்ப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மிதப்பவை அல்ல, மூழ்கிய பரப்புகளில் ஒட்டி வளர்பவை என்று 1933இல் எழுதினார். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் கிளாட் சோபெல், கண்ணாடிக் குப்பியில் கடல்நீரைச் சேமித்து வைத்தால் பாக்டீரியாச் செயல்பாடு கூடுவதற்குக் குப்பியின் உட்சுவரே காரணம் என்பதை ஆராய்ந்தார். நீரில் கரைந்துள்ள அற்பச் சத்துகள் சுவரில் செறிவதால் பாக்டீரியாக்கள் அங்கே குடியேறுகின்றன என்றும், உறுதியாக ஒட்டுவதற்கு அவை ஒட்டுப்பொருளைச் சுரக்கின்றன என்றும் 1943இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். கடல் உயிரியலுக்கு வெளியே இதைக் கவனித்தவர்கள் சிலரே.

சோபெலின் கட்டுரை வெளிவந்த மறுஆண்டு, டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜோசப் பிகர், பெனிசிலினால் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைக் கொல்லும் சோதனைகளை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு செல் மட்டும் எவ்வளவு நேரமானாலும் மடியாமல் எஞ்சியது. அதை எடுத்து வளர்த்தபோது அதன் சந்ததி மீண்டும் பெனிசிலினுக்குப் பணிந்தது. அதாவது அது எதிர்ப்புத்திறன் பெற்ற வகை அன்று. பெருகாமல் உறங்கிக் கிடந்ததால் பிழைத்த இச்செல்களுக்குப் பிகர் இட்ட பெயர் 'பெர்சிஸ்டர்'. புதிய மருந்துகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்த அக்காலத்தில் இக்கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

நீரோடையிலிருந்து மருத்துவமனைக்கு

எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் படலத்தின் உள்ளமைப்பு தெரியலாயிற்று. கழிவுநீர் சுத்திகரிப்புப் படுகைகளின் கொழகொழப்பை ஜோன்ஸ், ராத், சாண்டர்ஸ் ஆகியோர் 1969இல் ஆராய்ந்து, செல்களைச் சுற்றியுள்ள பொருள் பல்சர்க்கரைத் தன்மையுடையது என்று காட்டினர். தொழிற்சாலைக் குழாய்களில் படியும் பாக்டீரியாப் படிவு குளோரினுக்கும் எளிதில் அழிவதில்லை என்பதைப் பொறியாளர் வில்லியம் கராக்லிஸ் 1973இல் விவரித்தார்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜே. வில்லியம் காஸ்டர்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் மலையோடைகளில் மிதக்கும் பாக்டீரியாக்களையும் பாறையில் ஒட்டியவற்றையும் எண்ணிப் பார்த்தனர். ஒட்டியவை மிதப்பவற்றைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்தன. காஸ்டர்ட்டன், கில் கீசி, கே.-ஜே. செங் ஆகிய மூவரும் 1978 ஜனவரியில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை, இயற்கையிலும் நோயிலும் பாக்டீரியாக்கள் பொதுவாகப் பசைப்பொருளால் ஒட்டியே வாழ்கின்றன, ஆய்வகக் குழம்பில் வளர்வது விதிவிலக்கு என்ற கருத்தை முன்வைத்தது. இத்துறையின் தொடக்கமாகப் பலரும் இக்கட்டுரையையே குறிப்பிடுவர்.

அதே பத்தாண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நீல்ஸ் ஹாய்பி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயுள்ளவர்களின் சளியை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியா தனித்தனியாக இல்லாமல் திரள்திரளாகக் காணப்பட்டது. நோயாளியின் இரத்தத்தில் அதற்கெதிரான எதிர்ப்பொருள்கள் மிகுந்திருந்தும், தொடர்ந்து மருந்து கொடுத்தும் நோய்த்தொற்று நீங்கவில்லை. சளித் திரள்களுக்கும் நீங்காத தொற்றுக்கும் உள்ள தொடர்பை ஹாய்பியின் குழு அடுத்த முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தது.

உடலுக்குள் வைக்கும் செயற்கைக் கருவிகள் பெருகியபோது சிக்கல் பரவலாயிற்று. ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள், நரம்புவழிக் குழாய்களின் பரப்பில் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் கொழகொழப்பான படிவாகப் படர்ந்திருப்பதைப் படம்பிடித்தனர். தோலில் தீங்கின்றி வாழும் இப்பாக்டீரியா அதுவரை மாதிரிக் கலப்படம் என்றே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டு வந்தது. 1982இல் மாரி, நெலிகன், காஸ்டர்ட்டன் ஆகியோர் இதயமுடுக்கி பொருத்தப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். அவருக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. மருந்து நிறுத்தியதும் காய்ச்சல் மீண்டது. கருவியின் கம்பியை வெளியே எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன்மேல் பசைப்பொருளில் புதைந்த பாக்டீரியாத் திரள்கள் அடர்ந்திருந்தன.

எண்ணிக்கையளவில் சான்று 1985இல் கிடைத்தது. கர்டிஸ் நிக்கலும் காஸ்டர்ட்டன் குழுவினரும் சிறுநீர்க் குழாய்த் துண்டுகளில் சூடோமோனாஸ் ஏருஜினோசாவை வளர்த்து டோப்ராமைசின் மருந்தைச் செலுத்தினர். மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் மருந்தில் மிதக்கும் செல்கள் எட்டு மணி நேரத்தில் முற்றிலும் அழிந்தன. துண்டில் ஒட்டியிருந்தவற்றிலோ 1000 மைக்ரோகிராம் மருந்தில் பன்னிரண்டு மணி நேரம் இருந்த பின்னும் உயிருள்ளவை எஞ்சின. பாக்டீரியா ஒன்றே, வாழ்முறை மட்டுமே வேறு. கராக்லிஸ் 1990இல் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரிப்படலப் பொறியியல் மையத்தை நிறுவினார். அவருக்குப் பின் காஸ்டர்ட்டன் அதன் இயக்குநரானார்.

மரபணுக்களும் சமிக்ஞைகளும்

படலம் தற்செயலாகச் சேரும் அழுக்கு அன்று, பாக்டீரியா தன் மரபணுக்களைக் கொண்டு நெறிப்படுத்தும் வளர்ச்சி என்பது 1987 முதல் சுமார் பதினைந்து ஆண்டுகளில் நிறுவப்பட்டது. எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் மோஷே பென்சிமன், பிரவுன் ஆராய்ந்த அதே செல்லுலோஸ் பாக்டீரியாவில் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்னும் சிறு மூலக்கூறை 1987இல் கண்டறிந்தார். செல்லுலோஸ் உற்பத்தியைத் தூண்டும் மூலக்கூறாக அறிமுகமான இது, பல்வேறு பாக்டீரியாக்களில் நீந்தும் வாழ்விலிருந்து ஒட்டும் வாழ்வுக்கு மாறுவதை முடிவுசெய்யும் உள்சமிக்ஞை என்பது பின்னர் தெளிவாயிற்று. செல்லுக்குள் இதன் அளவு கூடினால் பசைப்பொருள் சுரக்கிறது. குறைந்தால் செல் பிரிந்து நீந்துகிறது.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஜார்ஜ் ஓ'டூல், ராபர்ட்டோ கோல்டர் இருவரும் 1998இல் பரப்பில் ஒட்ட இயலாத மரபுமாற்ற வகைகளைப் பிரித்தெடுத்து, நீந்துவதற்கான கசையிழையும் வேறு சில மரபணுக்களும் படலம் அமையத் தேவை என்று காட்டினர். அதே ஆண்டு டேவிட் டேவிஸும் உடன் ஆய்வாளர்களும், சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் செல்கள் தமக்குள் பரிமாறும் வேதிச் சமிக்ஞை ஒன்று இல்லாவிட்டால் படலம் மெலிந்ததாகவும் சோப்புப் பொருளில் எளிதில் கலைவதாகவும் அமைகிறது என்று கண்டனர். எத்தனை செல்கள் சுற்றிலும் உள்ளன என்பதை வேதிப்பொருள் வழியே அறியும் இந்த 'குழும உணர்தல்', ஒளிரும் கடல் பாக்டீரியாவில் 1970இலேயே அறியப்பட்டிருந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சளியில் உள்ள சமிக்ஞைகளின் விகிதம் படலத்தில் வளரும் பாக்டீரியாவின் விகிதத்தோடு ஒத்துப்போவதாக 2000இல் வெளியான ஆய்வு, நுரையீரலுக்குள் படலம் இருப்பதற்குச் சான்றளித்தது. செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ. வெறும் எச்சம் அன்று, படலத்தைத் தாங்கும் கட்டமைப்புப் பொருள் என்பது 2002இல் தெரியவந்தது.

மருந்தைத் தாங்கும் வழிகள்

பசைப்பொருள் மருந்தை உள்ளே விடுவதில்லை என்பதே முதலில் தரப்பட்ட விளக்கம். அது ஓரளவே உண்மை. டோப்ராமைசின் போன்ற நேர்மின்னூட்டமுள்ள மருந்துகள் எதிர்மின்னூட்டமுள்ள பல்சர்க்கரையிலும் டி.என்.ஏ.யிலும் பிணைந்து தாமதமாகவே ஊடுருவுகின்றன. சிப்ரோஃபிளாக்சசின் போன்றவை தடையின்றிப் பரவுகின்றன. கிளெப்சியெல்லா நிமோனியே படலத்தைக் கொண்டு 2000இல் நடத்தப்பட்ட சோதனை இதைத் தெளிவாக்கியது. பீட்டா-லாக்டமேஸ் நொதி சுரக்கும் பாக்டீரியாவின் படலத்துள் ஆம்பிசிலின் புகவில்லை. நொதி அதை வழியிலேயே சிதைத்தது. அந்நொதியை இழந்த வகையின் படலத்துள் ஆம்பிசிலின் முழுமையாகப் பரவியது. ஆயினும் செல்கள் மடியவில்லை. எனவே ஊடுருவல் தடை மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இரண்டாவது காரணம் மந்தமான வளர்ச்சி. பெனிசிலின் வகை மருந்துகள் செல்சுவர் கட்டப்படும்போதுதான் தாக்குகின்றன; டோப்ராமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள் செல்லுக்குள் நுழைய ஆக்சிஜனைச் சார்ந்த ஆற்றல் வேண்டும். படலத்தின் மேலடுக்கிலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் அடியிலுள்ள செல்கள் இரண்டுக்கும் தப்புகின்றன. மாறாக, செல்சவ்வைத் தாக்கும் கோலிஸ்டின் மருந்து மந்தமான அடிச்செல்களைக் கொன்று மேலடுக்குச் செல்களை விட்டுவைக்கிறது. இருவேறு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சைக்கு இது ஓர் அடிப்படை.

மூன்றாவது, பிகர் கண்ட உறங்கும் செல்கள். பாஸ்டன் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிம் லூயிஸ், 2000ஆம் ஆண்டை ஒட்டி இக்கருத்தை உயிரிப்படலத்தோடு இணைத்தார். மருந்து படலத்தின் பெரும்பாலான செல்களைக் கொல்கிறது; எஞ்சும் சிறு பகுதி உறக்கத்தில் பிழைக்கிறது. மிதக்கும் நிலையில் இத்தகைய செல்களை உடலின் வெள்ளணுக்கள் விழுங்கிவிடும். படலத்திலோ பசைப்பொருள் வெள்ளணுக்களைத் தடுப்பதால் அவை தப்பி, மருந்து நின்றதும் விழித்துப் பெருகுகின்றன. மருந்து முடிந்தவுடன் காய்ச்சல் திரும்புவதை இது விளக்குகிறது. இவ்வுறக்கம் மருந்து வருவதற்கு முன்பே தற்செயலாக ஏற்பட்டிருக்கும் என்பதை, தனிச் செல்களை நுண்ணோக்கியில் தொடர்ந்து கண்காணித்து நாதலி பாலபன் 2004இல் காட்டினார்.

நான்காவது, படலத்தில் மட்டும் இயங்கும் மரபணுக்கள். சூடோமோனாஸில் 'என்டிவிபி' என்னும் மரபணு உருவாக்கும் வளையச் சர்க்கரைகள் டோப்ராமைசினைச் செல்லின் வெளியுறைப் பகுதியிலேயே பிடித்து வைப்பதாக 2003இல் அறியப்பட்டது. மருந்தே படலத்தைத் தூண்டுவதும் உண்டு. கொல்லப் போதாத அளவில் டோப்ராமைசின் படும்போது சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் எஷெரிச்சியா கோலையும் கூடுதலாகப் படலம் அமைப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. குறைந்த அளவு மருந்தை விட்டுவிட்டுக் கொடுப்பதன் ஆபத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தாங்குதிறனிலிருந்து எதிர்ப்புத்திறனுக்கு

படலத்தில் செல்கள் நெருங்கியும் நெடுநாள் நிலைத்தும் இருப்பதால், பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் செல்கின்றன. மருந்தைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்களிலேயே உள்ளன. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஜான்-மார்க் கிகோ, செல்லுக்குச் செல் கடக்கும் பிளாஸ்மிட்களே தம்மைச் சுமக்கும் பாக்டீரியாவைப் படலம் அமைக்கத் தூண்டுகின்றன என்று 2001இல் காட்டினார். படலம் பிளாஸ்மிட்டைப் பரப்புகிறது, பிளாஸ்மிட் படலத்தை வளர்க்கிறது.

மரபுத் திடீர்மாற்றங்களும் அங்கே கூடுகின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் வகைகளில், டி.என்.ஏ. பிழைதிருத்தம் பழுதாகி மிக வேகமாகத் திடீர்மாற்றம் அடைபவை அதிகம் என ஸ்பானிய ஆய்வாளர்கள் 2000இல் கண்டறிந்தனர். ஆண்டுக்கணக்கில் மருந்து படும் இடத்தில், தாங்கிக்கொண்டு உயிர்வாழும் செல்களிலிருந்து நிலையான எதிர்ப்புத்திறன் கொண்ட சந்ததி தோன்றப் போதிய காலம் கிடைக்கிறது. மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக 2019இல் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இதில் உயிரிப்படலத்தின் பங்கைத் தனியே பிரிப்பது கடினம். எதிர்ப்புத்திறன் உருவாகிப் பரவும் களங்களில் அது ஒன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

படலம் சார்ந்த நோய்கள்

பற்சொத்தையும் ஈறுநோயும் உயிரிப்படலத்தால் வரும் மிகப் பரவலான நோய்கள். மருத்துவமனைகளில் சிறுநீர்க் குழாயே முதன்மைச் சிக்கல். குழாய் செருகியிருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா தோன்றும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. புரோட்டியஸ் மிராபிலிஸ் பாக்டீரியா யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரமாக்குவதால் உப்புகள் படிகமாகிக் குழாயையே அடைத்துவிடும். இதய வால்வு, இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு ஆகிய செயற்கை உறுப்புகள், செயற்கைச் சுவாசக் குழாய், கண்ணில் அணியும் லென்ஸ் ஆகியவையும் படலத்துக்கு இடந்தருவன.

கருவி எதுவும் இல்லாத தொற்றுகளிலும் படலம் உண்டு. நீரிழிவு நோயாளிகளின் ஆறாக் காற்புண், எலும்பழற்சி, நாட்பட்ட சைனஸ் அழற்சி ஆகியவை எடுத்துக்காட்டுகள். அடிக்கடி காதுவலியோ காதில் நீர்கோத்தலோ வரும் குழந்தைகளின் நடுக்காதுச் சவ்வு மாதிரிகள் 50இல் 46இல் படலம் இருந்ததாக 2006இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றில், எஷெரிச்சியா கோலை சிறுநீர்ப்பையின் செல்களுக்குள்ளேயே படலம் போன்ற திரள்களாகப் பதுங்குவது 2003இல் எலிகளில் கண்டறியப்பட்டது.

கண்டறிதல்

படலத்தில் ஒட்டிய பாக்டீரியா வழக்கமான வளர்ப்புச் சோதனையில் எளிதில் சிக்குவதில்லை. ஆகையால் நோய் தெளிவாக இருந்தும் அறிக்கை 'வளர்ச்சி இல்லை' என்று வருவதுண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், அகற்றிய செயற்கை மூட்டை மீயொலி அதிர்வுக்கு உட்படுத்திப் படலத்தைக் கலைத்துப் பின் வளர்த்தனர். 2007இல் வெளியான முடிவின்படி இம்முறை 78.5 சதவீதத் தொற்றுகளைக் கண்டறிந்தது. சுற்றியுள்ள திசுவை வளர்க்கும் பழைய முறை 60.8 சதவீதத்தையே கண்டறிந்தது.

படலத்தின்மீதான மருந்து வீரியத்தை அளக்கக் கால்கரியில் ஒரு கருவி உருவாக்கப்பட்டு 1999இல் வெளியிடப்பட்டது. மூடியில் தொங்கும் 96 முளைகளின்மேல் படலத்தை வளர்த்து, அவற்றை வெவ்வேறு அளவு மருந்தில் அமிழ்த்தி, படலத்தை ஒழிக்கும் மிகக் குறைந்த அளவைக் காணலாம். ஆராய்ச்சியில் இது பெரிதும் பயன்படுகிறது. நோயாளிக்கு மருந்து தேர்வதில் வழக்கமான சோதனையைவிட இது மேலானது என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

சிகிச்சையும் தடுப்பும்

படலம் முதிரும் முன்பே தாக்குவது பயனளிக்கும் என்பதைக் கோபன்ஹேகன் குழு நிறுவியது. சூடோமோனாஸ் முதன்முதலில் சளியில் தென்பட்டவுடன் சிப்ரோஃபிளாக்சசினை வாய்வழியாகவும் கோலிஸ்டினை மூச்சுவழியாகவும் கொடுத்தால் நாட்பட்ட தொற்று தள்ளிப்போவதை 1991இல் அவர்கள் வெளியிட்டனர். முதிர்ந்துவிட்ட தொற்றுக்கு, இரத்தத்தின் வழியே எட்ட முடியாத செறிவில் மருந்தை நேரடியாகச் செலுத்துவது ஒரு வழி; மூச்சுவழி டோப்ராமைசின் அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. இரத்தக்குழாய்க் கதீட்டரை எடுக்க இயலாதபோது அதற்குள்ளேயே அடர்ந்த மருந்துக் கரைசலை நிரப்பிப் பூட்டி வைப்பதும் இதே கொள்கையில்தான்.

மூட்டு, எலும்புக் கருவிகளில் ஸ்டெஃபைலோகாக்கஸ் படலத்துக்கு எதிராக ரிஃபாம்பிசின் தனியிடம் பெற்றது. மந்தமாக வளரும் செல்களையும் கொல்லும் இம்மருந்தை, சுவிட்சர்லாந்தின் வெர்னர் சிம்மர்லி குழுவினர் சிப்ரோஃபிளாக்சசினுடன் சேர்த்துச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களில் இரு மருந்தும் பெற்ற 12 பேரும் குணமாயினர். சிப்ரோஃபிளாக்சசின் மட்டும் பெற்ற 12 பேரில் 7 பேரே குணமாயினர். ரிஃபாம்பிசினைத் தனியே கொடுத்தால் பாக்டீரியா விரைவில் எதிர்ப்புத்திறன் பெறுவதால் எப்போதும் துணைமருந்துடனேயே தரப்படுகிறது. தொற்று நாட்பட்டிருந்தால் கருவியை அகற்றுவதே முறை. முதல் அறுவையில் மூட்டை எடுத்து, சில வாரங்கள் மருந்து கொடுத்து, இரண்டாம் அறுவையில் புதிய மூட்டைப் பொருத்துகின்றனர்.

படலத்தையே குறிவைக்கும் முயற்சிகள் பல உண்டு. ஆஸ்திரேலியக் கடற்பாசியான டெலிசியா புல்க்ராவிலிருந்து பெற்ற ஃபியூரனோன்கள் பாக்டீரியாச் சமிக்ஞைகளைக் குழப்புவது தெரிந்தது. ஆனால் அவை மனிதருக்கு நச்சாயின. பல்சர்க்கரையைக் கரைக்கும் டிஸ்பெர்சின்-பி போன்ற நொதிகளும், பாக்டீரியாவைத் தின்னும் ஃபேஜ் வைரஸ்களும் ஆய்வில் உள்ளன. வெள்ளிப் பூச்சுள்ள சிறுநீர்க் குழாய்கள் ஆய்வகத்தில் நம்பிக்கையூட்டியபோதும், பிரிட்டனில் நடந்த பெரிய மருத்துவச் சோதனை அவை நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை என்று 2012இல் முடிவுசெய்தது.

உயிரிப்படல ஆய்வுக்கெனச் சிங்கப்பூரில் 2011இலும் பிரிட்டனில் 2017இலும் தேசிய மையங்கள் தொடங்கப்பட்டன. ஒட்டுதலில் தொடங்கிப் பிரிதலில் முடியும் ஐந்து கட்ட வளர்ச்சி வரைபடம் பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. பரப்பில் ஒட்டாத திரள்களையும் உள்ளடக்கும் வகையில் 2022இல் அதைத் திருத்தி, திரளுதல், வளர்தல், கலைதல் என்ற மூன்று கட்டங்களாக ஆய்வாளர்கள் மறுவரையறை செய்தனர். மருத்துவமனை ஆய்வகங்கள் அன்றாடம் தரும் மருந்து உணர்திறன் அறிக்கை இப்போதும் மிதக்கும் செல்களின்மீது செய்த சோதனையின் முடிவே. அறிக்கையில் வேலைசெய்யும் என்று குறிக்கப்பட்ட மருந்து படலத்தில் தோற்கக்கூடும் என்பதால், தேவையற்ற குழாயைச் செருகாமை, செருகியதைக் கூடிய விரைவில் எடுத்தல், தொற்றிய கருவியை அகற்றுதல் ஆகிய மூன்றுமே இன்றளவும் மிக நம்பகமான வழிகளாக உள்ளன.